வாங்கிய அன்று இருந்தபடி

"என்னங்க, சீக்கிரம் வாங்க! அம்பு தானா நகருது!"

"எந்த அம்பு?"

"கம்ப்யூட்டர்ல இருக்கிற அம்புங்க. நான் மவுஸைத் தொடவே இல்ல. பாருங்க, அதுவா போகுது, அதுவா எதையோ திறக்குது. பேய் பிடிச்ச மாதிரி!"

"அட, பயந்துட்டியா? பேய் இல்லம்மா. அக்கா."

"அக்காவா? எங்க?"

"உள்ள."

கல்யாணமான முதல் வாரத்தில் நடந்த பேச்சு இது. 'உள்ள' என்று சொல்லிவிட்டு அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அவளும் கூடச் சிரித்து வைத்தாள். புதுப் பெண்டாட்டி வேறு என்ன செய்வாள்? இப்போது நினைத்தால், அது பேயாகவே இருந்திருந்தால் எவ்வளவோ தேவலாம் என்று தோன்றும். பேய் என்றால் நாலு பேரிடம் சொல்லி அழலாம். நாத்தனாரைப் பற்றி, அதுவும் தங்கமான நாத்தனாரைப் பற்றி, யாரிடம் போய் அழுவது?

அவள் கணவர் பல் கட்டுகிறவர். பல் டாக்டர்கள் வாயைத் திறந்து பார்ப்பதோடு சரி. உள்ளே வைக்க வேண்டிய பல்லைச் செய்து கொடுப்பது இவரைப் போன்றவர்கள்தான். வீட்டின் முன்னறைதான் பட்டறை. சுவர் அலமாரி முழுக்க பிளாஸ்டரில் வார்த்த தாடைகள் வரிசையாகப் பல்லை இளித்துக்கொண்டிருக்கும். ஜன்னலோரம் அவருடைய மேசை, சின்னத் தூரிகைகள், பீங்கான் பொடி, ஒரு குட்டி உலை. எதிர் மூலையில் அந்தக் கம்ப்யூட்டர். டாக்டர்கள் அனுப்பும் படங்களை அதில் பெரிதாக்கிப் பார்த்து, பக்கத்துப் பல்லின் நிறத்தோடு ஒட்டிப்போகும்படி அவர் புதுப் பல்லுக்கு நிறம் ஏற்றுவார். ஆர்டர் எழுதுவது, டாக்டர்களுக்குப் பதில் சொல்வது, எந்தத் தாடை யாருடையது என்று குழம்பாமல் பார்த்துக்கொள்வது எல்லாம் அவள் பொறுப்பு.

பொறுப்புதான் அவளுடையது. கம்ப்யூட்டர் நாத்தனாருடையது.

நாத்தனார் தூரத்து நகரத்தில் ஒரு பெரிய மருத்துவமனையில் கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்க்கிறாள். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். தம்பி தொழில் தொடங்கியபோது அந்தக் கம்ப்யூட்டரை வாங்கிக் கொடுத்ததும் அவள்தான், அங்கிருந்தே இதற்குள் நுழைந்து பழுது பார்க்க வழி போட்டு வைத்ததும் அவள்தான். திரையைத் திறந்தால் முன்பல் விழுந்த ஒரு பையனும் இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண்ணும் தோளில் கை போட்டுக்கொண்டு சிரிப்பார்கள். அந்தப் பையன் அவள் புருஷன். அந்தப் பெண் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. கடவுச்சொல், அக்காவும் தம்பியும் சின்ன வயதில் வளர்த்த நாய்க்குட்டியின் பெயர். எப்போதோ செத்துப்போன, தான் பார்த்தே இராத ஒரு நாயைத் தினமும் காலையில் பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் அவள் தன் வேலையைத் தொடங்க முடியும்.

கோப்புறைகளுக்குக்கூட நாத்தனார்தான் பெயர் வைத்திருந்தாள். 'வந்தது', 'போனது', 'திரும்பி வந்தது'. ஓரத்தில் தனியாக ஒன்று: 'தொடாதே'.

அதைப் பார்க்கும்போதெல்லாம் யாரோ புறங்கையில் பட்டென்று அடித்த மாதிரி இருக்கும் அவளுக்கு.

இதற்கெல்லாம் வயிறு எரிவது அற்பத்தனம் என்று அவளுக்கும் தெரியாமல் இல்லை. படித்தவள்தான். ஆனால் வயிறு பள்ளிக்கூடம் போகவில்லையே! புதுத் திரைச்சீலைக்கு என்ன நிறம் என்று அவள் கேட்டால், "அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடலாமா?" என்பார். ஜலதோஷம் பிடித்தால் அக்கா. குக்கர் வாங்குவதென்றால் அக்கா. ஒரு தடவை, அவள் பிறந்தநாளுக்கு அவர் வாங்கித் தந்த புடவை அச்சு அசலாக அவள் மனதில் நினைத்திருந்த நிறத்திலேயே இருந்தது. பூரித்துப்போய், "எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?" என்றாள்.

"அக்காதான் சொன்னா. உனக்கு இந்த நிறம் எடுக்கும்னு."

புடவையை மடித்து அலமாரியின் அடித்தட்டில் வைத்தவள்தான். இன்னும் கட்டவில்லை.

இதெல்லாமாவது போகட்டும். போன மாதம் ஒரு நாள் நாத்தனார் போன் செய்தாள். அவர் குளித்துக்கொண்டிருந்தார்.

"எப்படிம்மா இருக்க? அவன் கை இப்ப எப்படி இருக்கு? விரல் மரத்துப்போறது குறைஞ்சிருக்கா? அந்த டாக்டர் சொன்ன பயிற்சியெல்லாம் செய்யறானா, இல்ல டிமிக்கி கொடுக்கறானா?"

எந்தக் கை? எந்த டாக்டர்? தெரியாது என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. தெரியாத பெண்டாட்டி என்று அந்தப் பக்கம் ஒரு பரிதாபம் பிறக்குமே, அதைத் தாங்க முடியாது.

"பரவாயில்ல அண்ணி," என்றாள். "செய்யறாரு. நான் பார்த்துக்கறேன்."

அன்று முதல் அவர் கையை அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். டீ டம்ளரை இடது கைக்கு மாற்றியிருந்தார். தூரிகையை வைத்துவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து வலது கை விரல்களை ஒவ்வொன்றாக நீவி விட்டுக்கொண்டார். பல் கட்டுகிறவனுக்குக் கைதானே எல்லாம்? அது மரத்துப்போகிறது, அவரோடு ஒரே கூரையின்கீழ் இருப்பவளுக்குத் தெரியவில்லை, ரயிலேறிப் போக வேண்டிய தூரத்தில் இருப்பவளுக்கு டாக்டர் பெயர் முதற்கொண்டு தெரிகிறது.

கேட்டிருக்கலாம். "கைக்கு என்னங்க?" என்று ஒரு வார்த்தை. பலமுறை தொண்டை வரை வந்தது. ஆனால் கேட்டு வாங்கிக்கொண்டால் அது சொன்னதாகுமா? அவராக வந்து சொல்லட்டும் என்று காத்திருந்தாள். அவர் சொல்லவில்லை. அவள் கேட்கவில்லை. நடுவில் டீ ஆறிக்கொண்டிருந்தது.

இந்த நேரம் பார்த்துக் கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டது. ஒரு படத்தைத் திறக்கச் சொன்னால் யோசித்து, பெருமூச்சு விட்டு, பாதி வாயை மட்டும் காட்டும்.

"ஞாயிற்றுக்கிழமை உள்ள வந்து சுத்தம் பண்ணித் தர்றேன்," என்றாள் நாத்தனார் போனில்.

உள்ளே வந்து. அவள் வீட்டு முன்னறைக்குள், ஞாயிற்றுக்கிழமை முழுக்க.

"உங்களுக்கு எதுக்கு அண்ணி சிரமம்? லீவு நாள்ல ஓய்வா இருங்க. நானே பார்த்துக்கறேன்."

அவள் ஏற்கெனவே படித்துப் பார்த்து வைத்திருந்தாள். வாங்கிய அன்று எப்படி இருந்ததோ அப்படியே திருப்பிக் கொண்டுவர அதிலேயே ஒரு வழி இருந்தது. நாத்தனார் உள்ளே வருகிற வழியை மட்டும் அடைத்தால் அது சண்டை. எல்லாவற்றையும் அழித்தால் அது சுத்தம். யாரும் ஒரு குறை சொல்ல முடியாது.

சனிக்கிழமை முற்பகல் அவர் பற்களைக் கொடுத்துவர வெளியே போனதும் வேலையைத் தொடங்கினாள். ஆர்டர்கள், முகவரிகள், பல் படங்கள், பல் வடிவம் போடும் மென்பொருளின் உரிமம் எல்லாவற்றையும் வெளி டிஸ்க்கில் படியெடுத்துக்கொண்டாள். 'வந்தது', 'போனது', 'திரும்பி வந்தது' மூன்றும் பத்திரம். அம்பு 'தொடாதே'யின் மேல் வந்து நின்றது.

"தொடல தாயே," என்றாள் வாய்விட்டு. "உன்னை நான் தொடவே போறதில்ல."

அதைப் படியெடுக்காமல் விட்டாள்.

உங்கள் கோப்புகளை வைத்துக்கொள்ளட்டுமா, எல்லாவற்றையும் நீக்கட்டுமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. எல்லாவற்றையும். உறுதியாகத்தானா? உறுதியாகத்தான். இதைத் திரும்பப் பெற முடியாது. ரொம்ப சந்தோஷம்.

திரை கறுத்தது. ஒரு சின்ன வட்டம் சுற்ற ஆரம்பித்தது. அவள் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள், அடுப்பில் பால் வைத்தவள் மாதிரி. முன்பல் விழுந்த பையனும் இரட்டைப் பின்னலும் போயாயிற்று. நாய் போயாயிற்று. அம்பு வந்து போன வழியும் போயாயிற்று. அலமாரியில் தாடைகள் எல்லாம் அவளைப் பார்த்துச் சிரித்தன. அவளும் சிரித்தாள்.

வட்டம் நின்றபோது கம்ப்யூட்டர் பிறந்த குழந்தை மாதிரி விழித்தது. எந்த மொழி என்றது. இதை யார் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றது. அவள் தன் பெயரை முழுசாக, இனிஷியலோடு அடித்தாள். கடவுச்சொல்லும் புதிது, அவள் மட்டுமே நினைத்துச் சிரிக்கக்கூடிய ஒன்று. திரை பளிச்சென்று இருந்தது. துடைத்து வைத்த கண்ணாடி மாதிரி, பால் மாதிரி, எப்போதும் பார்த்ததைவிட வெள்ளையாக. அழுக்கெல்லாம் போனால் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

அவர் வந்து பார்த்தார். "அட, பறக்குதே! நீயா பண்ணின?"

"நானேதான்."

"பலே!" என்றார். அவள் மனது ஒரு சாண் உயர்ந்தது. அடுத்த வார்த்தை: "அக்காகிட்ட சொன்னியா?"

உயர்ந்தது தொப்பென்று விழுந்தது.

அடுத்த வாரம் ஒரு டாக்டரம்மா போன் செய்தார்.

"உங்க வீட்டுக்காரருக்கு என்னம்மா ஆச்சு? காலேஜ் வாத்தியார் ஒருத்தருக்கு முன்பல் அனுப்பினாரே, அது டியூப்லைட் மாதிரி அடிக்குது. பிள்ளைங்க கூலிங்கிளாஸ் போட்டுட்டு வந்து உட்காருதுங்களாம். மனுஷன் வாயே திறக்க மாட்டேங்கறார். திருப்பி அனுப்பறேன்."

இரண்டு நாளில் வேறொரு டாக்டரிடமிருந்து இன்னொரு பல் வந்தது. அதுவும் வெள்ளை. அவர் கட்டிய பல் நிறத்துக்காகத் திரும்பி வந்ததாக அவள் பார்த்ததே இல்லை. 'திரும்பி வந்தது' கோப்புறையில் இருந்ததெல்லாம் கடித்து உடைத்துக்கொண்டவர்களின் கதைதான்.

அன்று சாயங்காலம் அவர் வாத்தியாரின் பல்லை எடுத்துத் திரையிலிருந்த படத்தின் பக்கத்தில் பிடித்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பிடித்தார்.

"என்னங்க?" என்றாள்.

"ஒண்ணுமில்ல." பல்லைக் கீழே வைத்தார். "எனக்கு ஒத்துப்போற மாதிரிதான் தெரியுது."

முகம் வெளுத்திருந்தது. போனை எடுத்துக்கொண்டு பின்பக்கக் கதவைத் திறந்து படிக்கட்டுக்குப் போனார். கதவு சரியாகச் சாத்தவில்லை. குரல் கேட்டது.

"அக்கா... கை மட்டும் இல்லக்கா. கண்ணும் போகுதுன்னு நினைக்கிறேன். நிறம் தப்பாத் தெரியுது எனக்கு."

அவள் அடுப்படி வாசலில் நின்றாள். முதலில் வந்தது பயம் என்று சொல்லத்தான் ஆசை. இல்லை. முதலில் சுருக்கென்று வந்தது அதே பழைய எரிச்சல்தான். ஒண்ணுமில்ல என்பது எனக்கு. கண் போகுது என்பது அவளுக்கு. வழியை அடைத்தேன், கடவுச்சொல்லை மாற்றினேன், என்ன பிரயோஜனம்? அவள் கம்ப்யூட்டருக்குள்ளா இருந்தாள்?

அதற்குப் பின்னால்தான் பயம் வந்தது. கண்ணா? அவருக்கா?

விறுவிறுவென்று முன்னறைக்குப் போய்த் திரையைப் பார்த்தாள். வாத்தியாரின் வாய் பெரிதாகத் திறந்திருந்தது. டாக்டரம்மா இந்தப் படத்தை முதலில் அவள் போனுக்குத்தான் அனுப்பியிருந்தார். அவள்தான் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவாள். போனில் அதே படத்தைத் திறந்து திரையோடு ஒட்டிப் பிடித்தாள்.

போனில் இருந்த பற்கள் டீ குடித்துப் பழகின வாத்தியாரின் பற்கள், இளமஞ்சள். திரையில் இருந்தவை நிலா வெளிச்சத்தில் நனைத்த மாதிரி நீலம் பாய்ந்த வெள்ளை. ஒரே வாய்.

துடைத்து வைத்த கண்ணாடி மாதிரி என்று பூரித்துப்போனாளே, அது அழுக்குப் போன வெள்ளை இல்லை. உண்மையான நிறம் தெரிவதற்காக யாரோ பார்த்துப் பார்த்துத் திரைக்கு ஏற்றியிருந்த நிறம், மற்றதோடு சேர்ந்து போயிருந்தது. அது எந்தக் கோப்புறைக்குள் இருந்திருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பேசாமல் இருந்துவிடலாம் என்றுகூட ஒரு நொடி தோன்றியது. புதுத் திரை ஒன்று வாங்கச் சொல்லி, நாசூக்காக. ஆனால் அங்கே படிக்கட்டில் ஒரு மனுஷன் தன் கண் போய்விட்டது என்று நம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

கதவைத் திறந்தாள். அவர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

"உங்க கண்ணுக்கு ஒண்ணும் இல்ல," என்றாள். "நான்தான். நான் எல்லாத்தையும் அழிச்சேன்ல, அப்ப திரையோட நிறமும் சேர்ந்து போயிடுச்சு. அந்த 'தொடாதே'யை வேணும்னேதான் விட்டேன். போனை ஸ்பீக்கர்ல போடுங்க. அண்ணியும் கேட்கட்டும்."

போட்டார். அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு.

"நினைச்சேன்," என்றாள் நாத்தனார். "நிறம்னு அவன் சொன்னதுமே நினைச்சேன். டேய், உன் கண்ணுக்கு ஒண்ணுமில்லடா, போய் முகத்தைக் கழுவு. ஏம்மா, 'தொடாதே'ன்னு சொன்னது உன்னை இல்ல, அவனைத்தான். நீ வர்றதுக்கு முன்னாடியே போட்டது. அவன் கை சும்மா இருக்காது, எதையாவது நோண்டிட்டு எனக்கு போன் பண்ணுவான்."

"எனக்கு அது தெரியாது அண்ணி."

"எனக்கும்தான் தெரியல, நீ அதை அப்படி எடுத்துப்பேன்னு. உங்க வீட்டுக் கம்ப்யூட்டர் ஓடினா என் பக்கம் ஒரு பச்சைப் புள்ளி தெரியும். சனிக்கிழமை அது அணைஞ்சது. அப்புறம் வரவே இல்ல. எனக்கு அன்னிக்குச் சாப்பாடு இறங்கலம்மா. கோபம்தான், சும்மா சொல்லக் கூடாது."

கத்தியிருக்கலாம் இந்த நாத்தனார். ரெண்டு வார்த்தை சுள்ளென்று கேட்டிருக்கலாம். திருப்பிக் கொடுக்க ஒரு வாய்ப்பாவது கிடைத்திருக்கும். நல்லவளாக வேறு இருந்து தொலைக்கிறாளே!

"அந்த நிறத்தை எப்படி வைக்கணும்னு சொல்லுங்க அண்ணி. நான் எழுதிக்கறேன்."

"எழுத என்ன இருக்கு? அதுல என் சாமர்த்தியம் ஒண்ணுமே இல்ல. நிறம் கூட்டிக் குறைக்கிற இடம் செட்டிங்ஸ்ல இருக்கும். அவன் நிறம் பார்க்கிற மாதிரிப் பல்லைக் கையில வெச்சிட்டு, இன்னும் கொஞ்சம் மஞ்சள், போதும், அய்யோ அதிகம்னு சொல்லுவான். நான் அவன் சொல்றபடி நகர்த்தினேன். முழுசா ஒரு பகல் உட்கார்ந்தோம். இப்ப நீ உட்காரு."

போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை, ஜன்னல் வெளிச்சம் நன்றாக ஏறியபின் இருவரும் உட்கார்ந்தார்கள். பல் நிறங்களை அடையாளம் காண அவரிடம் ஒரு மாதிரிக் கொத்து உண்டு. சாவிக் கொத்து போல, ஒவ்வொன்றிலும் ஒரு நிறத்தில் ஒரு பல். அதில் ஒன்றைப் படம் பிடித்துத் திரையில் போட்டு, அசலை அவர் பக்கத்தில் பிடித்தார். மவுஸ் அவள் கையில்.

"கொஞ்சம் மஞ்சள்."

நகர்த்தினாள்.

"இன்னும். நிறுத்து. நிறுத்துன்னு சொன்னேன்ல!"

"நிறுத்திட்டேங்க. நீங்க கத்தறதுக்குள்ள நிறுத்திட்டேன்."

"நீலம் குறை. அவ்வளவு இல்ல, இது வயசானவர் பல்லா போச்சு. இப்ப சிவப்பு, ஒரு இம்மி."

"இம்மின்னா எவ்வளவு?"

"அக்கா கேட்காமலே..." என்று தொடங்கிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"சொல்லுங்க, சொல்லுங்க. அக்கா கேட்காமலே கரெக்டா வைப்பாங்க."

"இல்ல. அக்கா கேட்காமலே தப்பா வைப்பா. நீயாவது கேட்கறே."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். இவ்வளவு சுலபமாகச் சிரித்துவிடக் கூடாது.

உச்சிவேளைக்குள் வாத்தியாரின் பற்கள் மறுபடி டீ குடிக்க ஆரம்பித்தன. போனில் இருந்த வாயும் திரையில் இருந்த வாயும் ஒன்றாயின. அவர் மாதிரிப் பல்லைத் திரையோடு வைத்து, விலக்கி, வைத்துப் பார்த்தார். தோளிலிருந்து ஒரு பாரம் இறங்கினது அவளுக்கே தெரிந்தது. பிறகு, தன்னையறியாமல், வலது கை விரல்களை நீவி விட்டுக்கொண்டார். அவள் பார்ப்பதைக் கண்டதும் கையை மேசைக்கு அடியில் இறக்கிக்கொண்டார்.

"இங்க பாரு," என்றார். "அக்காவுக்கு மறுபடி உள்ள வர வழி போட்டுக் கொடுக்கலாமா? அவளுக்கு அந்தப் புள்ளி தெரிஞ்சாப் போதும். நீ வேண்டாம்னா வேண்டாம்."

கேட்கிறார். அவளைக் கேட்கிறார். ஆனால் கேட்பதும் அக்காவுக்காகத்தான். உள்ளே அந்தப் பழைய நெருப்பு ஒரு தரம் எட்டிப் பார்த்தது. இந்த வீட்டில் அது எப்போதும் கொஞ்சம் இருக்கத்தான் போகிறது என்று அவளுக்குப் புரிந்தது. அதை அந்தத் திரை மாதிரி துடைத்து எடுத்துவிட எந்தப் பொத்தானும் இல்லை.

"போட்டுக் கொடுக்கலாம்," என்றாள். "இன்னிக்கே போடறேன்."

அவர் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியைப் பார்த்தபோது, தொண்டையில் இத்தனை நாளும் நின்றிருந்தது இனிமேல் நிற்காது என்று தெரிந்தது. மேசைக்கு அடியில் கையை விட்டு அவருடைய வலது கையைப் பிடித்து மேலே எடுத்து வைத்தாள். விரல்கள் சில்லென்று இருந்தன.

"எனக்கு எல்லாம் தெரியும். அண்ணி சொல்லித்தான் தெரியும். அதுதான் எனக்குப் பொறுக்கல. நல்ல சேதி எதுவா இருந்தாலும் முதல்ல அக்காகிட்டயே சொல்லுங்க. புடவை நிறமா, திரைச்சீலையா, அவங்களையே கேளுங்க. நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். ஆனா கெட்டது வந்தா, கை மரத்தா, கண்ணு மங்கினா, பயமா இருந்தா, அதை மட்டும் முதல்ல எனக்குச் சொல்லுங்க."